தொட்டியின் கனம் தரைக்குத்தான் தெரியும்!

வீடு கட்டத் திட்டம் போடும்போது பூஜை அறை எந்த மூலையில், அடுப்பு எந்தத் திசையில், ஹாலுக்கு என்ன கலர் என்றெல்லாம் குடும்பமே கூடி உட்கார்ந்து பேசுகிறோம். குளியலறை என்று வந்தவுடன், "அதுக்கென்ன, மிச்சமிருக்கிற இடத்துல போட்டுக்கலாம்" என்று வீட்டு ஆண்கள் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். தினம் அதைத் தேய்த்துக் கழுவுவது நாம். குழந்தையைக் குளிப்பாட்டுவது நாம். மாமியாரைக் கைபிடித்து அழைத்துப் போவதும் நாம். ஆகவே, குளியலறைத் தரையைப் பற்றி நாலு விஷயம் நாம் தெரிந்து வைத்துக்கொள்வது அவசியம்.

அதிலும் இப்போது எங்கள் தொட்டியம் பக்கத்தில்கூடப் புது வீடுகளில் பாத் டப் ஆசை வந்துவிட்டது. சிங்கப்பூர், துபாய் என்று பிள்ளைகள் போய் வருகிறார்கள். அங்கே ஹோட்டலில் பார்த்ததை இங்கே வைக்க ஆசைப்படுகிறார்கள். "ஊர் பேரிலேயே தொட்டி இருக்கு, வீட்டுல இருந்தா என்ன?" என்று கேலியாகக் கேட்டால் பதில் சொல்ல முடியவில்லை! தப்பும் இல்லை. ஆனால் கடைக்குப் போனதும் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "டப்புக்குப் பொருத்தமா எந்த டைல்ஸ் நல்லாயிருக்கும்?" என்பதுதான். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல. "இந்தக் கனத்தை எது தாங்கப் போகிறது?" என்பதுதான் முதல் கேள்வி. டைல்ஸ் என்பது தரைக்குக் கட்டிய புடவை மாதிரி. பாரம் சுமப்பது புடவை அல்ல, அதற்குள் இருக்கும் உடம்பு.

நாத்தனார் வீட்டில் ஒரு விவாதம்

என் நாத்தனார் வீடு கட்டியபோது இந்தப் பேச்சு வந்தது. மாடியில் தன் அறையை ஒட்டி டப் வைக்க வேண்டும் என்று அவர் மகனுக்கு ஆசை. போனிலேயே ஒரு படம் காட்டினான். நாலு காலில் நிற்கிற, வெள்ளை வெளேரென்ற இரும்பு டப். என் மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏண்டா, இது நம்ம மாட்டுத் தொட்டி மாதிரியில்ல இருக்கு?"

"போங்க அம்மாச்சி, இது ஃபாரின் டப்!"

மாமியார் சொன்னது விளையாட்டாக இருந்தாலும் அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் 1883-ம் ஆண்டில் ஜான் மைக்கேல் கோலர் என்பவர், கால்நடைகளுக்குத் தண்ணீர் காட்டும் வார்ப்பிரும்புத் தொட்டிக்கு எனாமல் பூசித்தான் தன் முதல் குளியல் டப்பைச் செய்தார். ஆக, பரம்பரை ஒன்றுதான்!

கொத்தனார் அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "அக்கா, வெறும் டப்பு எத்தனை கிலோன்னு தம்பி சொல்லுது. தண்ணி ரொப்பி, ஆளும் உள்ள உக்காந்தா எத்தனை கிலோ? அதைச் சொன்னாத்தான் நான் கம்பி கட்ட முடியும்" என்றார். அங்கேயே பேப்பரும் பேனாவும் எடுத்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே உங்களுக்கும் தருகிறேன்.

பாத்திரத்தைவிடத் தண்ணீர் கனம்

1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனாலும் தொட்டி என்று வரும்போது மறந்துவிடுகிறோம். ஜெய்ப்பூர் அரண்மனையில் இரண்டு பெரிய வெள்ளிக் குடங்கள் இருக்கின்றன. 1902-ல் மகாராஜா இரண்டாம் சவாய் மாதோ சிங் முடிசூட்டு விழாவுக்காக இங்கிலாந்து போனபோது, குடிக்கக் கங்கை ஜலத்தை அவற்றில்தான் கொண்டுபோனார். ஒவ்வொரு குடமும் 345 கிலோ வெள்ளி. அம்மாடி என்று வாயைப் பிளக்கிறோம். ஆனால் அதில் பிடிக்கும் தண்ணீரோ சுமார் 4000 லிட்டர், அதாவது 4000 கிலோ! வெள்ளியைப் போலப் பதினோரு மடங்கு கனம் தண்ணீருக்கு.

நம் வீட்டு டப்பும் அப்படித்தான். ஐந்தரை அடி நீளமுள்ள வார்ப்பிரும்பு டப் வெறுமனே 100 கிலோவுக்கு மேல் இருக்கும். குளிக்கிற அளவுக்குத் தண்ணீர் 200 லிட்டர். உட்காருகிறவர் 60 கிலோ. ஆக 360 கிலோ. 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஏழை ஒரே இடத்தில் அடுக்கியது போல. "அப்ப லேசான டப் வாங்கிடலாம்" என்பீர்கள். அக்ரிலிக் டப் 40 கிலோதான். ஆனாலும் தண்ணீரும் ஆளும் சேர்ந்து 300 கிலோ வந்துவிடுகிறதே! டப்பை மாற்றினால் கனம் கொஞ்சம்தான் குறையும்.

சரி, "எங்க வீட்டுல பாத் டப்பே கிடையாது, இந்தக் கணக்கு எங்களுக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் குளியலறை மூலையில் சிமெண்ட் தொட்டி இருக்கிறதா? 3 அடி நீளம், 2 அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 15 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குச் சற்று அதிகம். ஆகத் தண்ணீர் மட்டும் சுமார் 425 கிலோ! மூலையில் வைத்துக் கட்டியதால் இரண்டு பக்கம்தான் சுவர் எழுப்பியிருப்பார்கள். அந்த நாலரை இஞ்ச் செங்கல் சுவரும் பூச்சும் 250 கிலோவுக்குக் குறையாது. மொத்தம் 675 கிலோ. பதின்மூன்றரை சிமெண்ட் மூட்டை! படத்தில் பார்த்த ஃபாரின் டப்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனத்தை நாம் காலம் காலமாக மூலையில் வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் நின்று குளித்துக்கொண்டிருக்கிறோம்.

மாடியில் என்றால் இன்னும் ஜாக்கிரதை

கட்டடங்களின் பாரத்துக்கென்று நம் நாட்டில் ஒரு தரவிதி உண்டு. ஐ.எஸ். 875 என்று பெயர். 1987-ல் வந்த அதன் இரண்டாம் பாகத்தில், குடியிருக்கும் வீட்டுக் குளியலறைத் தளத்தை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரம் தாங்கும்படி கணக்கிடச் சொல்லியிருக்கிறார்கள். நம் சதுர அடிக் கணக்கில் 18, 19 கிலோ. ஆட்கள், வாளி, அண்டா எல்லாம் சேர்ந்த பொதுவான கணக்கு அது.

இப்போது பாருங்கள். அந்த 360 கிலோ டப், பதினான்கு சதுர அடி இடத்தை அடைக்கும். சதுர அடிக்கு 26 கிலோ. கணக்கை மிஞ்சிவிட்டது. நம் சிமெண்ட் தொட்டியோ எட்டு சதுர அடிக்குள் 675 கிலோவை இறக்குகிறது. சதுர அடிக்கு 84 கிலோ. நாலரை மடங்கு!

உடனே பயந்துபோய் மாடியைப் பார்த்து ஓட வேண்டாம். இந்த 200 கிலோ என்பது அறை முழுவதற்கும் பரவலாக எடுத்துக்கொள்கிற அளவு. சிறிய அறை, சுவரோரம் வைத்த தொட்டி, அதன் கீழே சுவரோ உத்தரமோ இருந்தால் பாரத்தில் பெரும்பங்கு நேரே அங்கே இறங்கிவிடும். அதனால்தான் பல வீடுகள் அசையாமல் நிற்கின்றன. அறையின் நடுவில், கீழே எந்தச் சுவரும் இல்லாத இடத்தில் வைப்பதுதான் ஆபத்து. தனியே நிற்கிற டப்பை அழகுக்காகப் பெரும்பாலும் நடுவில்தான் வைக்க ஆசைப்படுகிறோம். அப்படியானால் தளம் போடுவதற்கு முன்பே இஞ்ஜினீயரிடம் சொல்லிவிட வேண்டும். கம்பி கட்டுகிற சமயத்தில் சொன்னால் நாலு கம்பியோடு போகும் வேலை, கான்கிரீட் போட்டபின் சொன்னால் நாலு மாதம் இழுக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாடிக் குளியலறைக்குக் குழாய் பதிக்க வசதியாகத் தளத்தையே எட்டு இஞ்ச், ஓர் அடி பள்ளமாக இறக்கிப் போடுவார்கள். 'சங்கன்' என்று கொத்தனார்கள் சொல்வது இதைத்தான். குழாய் வைத்தபின் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டுமே, கையில் கிடைத்த உடைசல் செங்கல், மண், பழைய பூச்சு எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். ஓர் அடி ஆழத்துக்கு இதைக் கொட்டினாலே சதுர அடிக்கு 40, 50 கிலோ ஏறிவிடுகிறது. டப் வருவதற்கு முன்பே தளத்துக்கு முதுகு வளைந்துவிடும்! இப்போது கனம் குறைந்த காற்றறைக் கற்களின் துண்டுகள் கிடைக்கின்றன. நிலக்கரிச் சாம்பல் கட்டிகளைச் சேர்த்த லேசான கான்கிரீட்டும் போடுகிறார்கள். அதைப் போடச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய வீடுகளில் தேக்கு உத்தரம் கொடுத்து, மேலே செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடி இருக்கும். ஸ்ரீரங்கம், திருச்சி கடைவீதிப் பக்கம் இன்னும் நிறையப் பார்க்கலாம். அந்த மாடியில் தொட்டி வேண்டவே வேண்டாம். கனம் ஒரு பக்கம் இருக்கட்டும், கசிகிற ஈரம் உத்தரத்தின் தலைப்பை உள்ளே உள்ளே உளுக்கச் செய்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் நடந்தது. மாடிக் குளியலறையில் பெரிய சிமெண்ட் தொட்டி. கீழே படுக்கையறை விட்டத்தில் ஒரு மஞ்சள் கறை வந்தது. வெள்ளையடித்தார்கள். மறுபடி வந்தது. மறுபடி வெள்ளையடித்தார்கள். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு மத்தியானம் முறம் அகலத்துக்கு விட்டத்துப் பூச்சு பெயர்ந்து தொப்பென்று விழுந்தது. விழுந்த இடத்துக்கு நேர் மேலேதான் குழந்தைக்குத் தூளி கட்டும் கொக்கி. நல்லவேளை, குழந்தை அப்போது சமையலறையில் பாட்டி மடியில் இருந்தது. பெயர்ந்த இடத்தில் கம்பி துருப்பிடித்து உப்பியிருந்தது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். கறை என்பது தரை நமக்கு எழுதுகிற கடிதம். வெள்ளையடித்து மறைப்பது, கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

கீழ் வீட்டுத் தரைக்கு மண்தான் முதல்

"கீழே வச்சுட்டா பிரச்சனையே இல்லையே" என்கிறீர்களா? பாதி வாஸ்தவம். கீழே தளம் இடிந்து விழப் போவதில்லை. ஆனால் அமுங்கும். எங்கள் ஊர் காவிரிக்கரை. வாழைத் தோட்டமும் வாய்க்காலுமாக எப்போதும் ஈரம் காணும் மண். இந்த மாதிரி இடங்களில் கடைக்கால் எழுப்பி உள்ளே மண் நிரப்பி, அவசரமாகத் தரை போட்டுவிட்டால், ஒரு மழைக்காலம் போவதற்குள் மண் இறங்கித் தரை குழிந்துவிடும். தொட்டி வைத்த மூலை முதலில் குழியும். கூடவே அதன் வடிகால் குழாயும் இழுபட்டு விரிசல் விடும். பிறகு தண்ணீர் கீழே போய் மண்ணை இன்னும் கரைக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் அரை அடி அரை அடியாக நிரப்பி, ஒவ்வொரு தடவையும் தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் நன்றாக இடிக்க வேண்டும். மேலே மணல் பரப்ப வேண்டும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்ட் போதும். அதற்கு மேல் 4 இஞ்ச் ஜல்லிக் கான்கிரீட். டப் நிற்கும் இடத்தில் மட்டும் இன்னும் 4 இஞ்ச் கூடுதலாக, 1 சிமெண்ட், 2 மணல், 4 ஜல்லி என்ற கலவையில் கம்பி வலை வைத்துப் போட்டால் கனம் பரவி இறங்கும். பிறகு குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். இடிப்பதும் தண்ணீர் விடுவதும் நம் கண்முன்னே நடக்கட்டும். மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுங்கள். "அக்கா உக்காந்திருக்காங்க" என்றாலே வேலை தனியாக இருக்கும்!

மட்டமும் வேண்டும், வாட்டமும் வேண்டும்

கனத்துக்கு அடுத்தபடி ஈரம். இதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். சிந்து சமவெளியில், மொகஞ்சதாரோவில் 1925-26-ல் தோண்டி எடுத்த பெருங்குளம் 4000 வருஷத்துக்கு முற்பட்டது. ஏறக்குறைய 39 அடி நீளம், 23 அடி அகலம், 8 அடி ஆழம். செங்கல்லை இடைவெளி தெரியாமல் ஜிப்சம் காரையில் நெருக்கிக் கட்டி, தண்ணீர் ஊறிப் போகாமல் இருக்கக் கீல் பூசியிருக்கிறார்கள். தண்ணீரை வெளியேற்ற ஒரு மூலையில் வடிகால். கெட்டியான அடிப்பாகம், கசியாத பூச்சு, வடிகால். இன்றைக்கும் இந்த மூன்றுக்கு மேல் ரகசியம் எதுவும் கிடையாது.

டைல்ஸ் தண்ணீரைத் தடுக்காது. டைல்ஸுக்கு இடையில் உள்ள கோடுகள் வழியாக ஈரம் இறங்கத்தான் செய்யும். ஆகவே, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே கான்கிரீட் மேல் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பூச வேண்டும். தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஓர் அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டும். காய்ந்தபின் வடிகாலைத் துணியால் அடைத்து, இரண்டு இஞ்ச் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, 48 மணி நேரம் விட்டு வையுங்கள். மாடியானால் கீழே விட்டத்தையும் சுவரையும் பாருங்கள். ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸ்காரரை உள்ளே விட வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தரையில் தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் வேண்டும். ஆனால் டப் மட்டமாக நிற்க வேண்டும். வாட்டத்தின் மேல் டப்பை வைத்தால் கனமெல்லாம் ஒரு பக்கக் காலில் போய் உட்காரும். வழி என்னவென்றால், டப் நிற்கும் இடத்தை மட்டும் ரசமட்டம் வைத்துச் சமமாகப் போட்டுவிட்டு, அதைச் சுற்றி நாலு பக்கமும் வடிகாலை நோக்கி வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். நிரம்பிய டப்பில் ஆள் இறங்கினால் தண்ணீர் வெளியே வழியத்தான் செய்யும். ஆகவே டப்புக்கு உள்ளே ஒரு வடிகால், வெளியே தரையில் ஒரு வடிகால், இரண்டும் அவசியம். சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள். துடைப்பமும் கையும் நுழையாத இடத்தில் பாசிதான் குடியிருக்கும்.

எந்தத் தரை நல்லது?

அடிப்பாகம் தயாரானபின் இப்போது கடைக்குப் போகலாம்.

செராமிக், விட்ரிஃபைடு டைல்ஸ்: சுவர் டைல்ஸ் வேறு, தரை டைல்ஸ் வேறு. சுவருக்கானது மெல்லிசு, ஈரத்தையும் நிறைய உறிஞ்சும். "மிச்சம் ஆயிடுச்சு, தரைக்குப் போட்டுடலாம்" என்று ஒருபோதும் செய்யாதீர்கள். விட்ரிஃபைடு வகை தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு தண்ணீர்கூட உறிஞ்சாது. கனத்துக்கும் நல்லது. ஆனால் பளபளப்பானது வேண்டாம். சொரசொரப்பாகப் பாருங்கள். பெட்டியில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை எண் போட்டிருந்தால், எண் ஏற ஏற வழுக்கல் குறைவு. அந்தச் சோதனை பூட்ஸ் போட்டு எண்ணெய்த் தரையில் செய்வது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனித் தரம் உண்டு. நாம் குளிப்பது வெறுங்காலோடுதானே! குளியலறைக்கு பி, அல்லது சி என்று கேளுங்கள். சின்ன டைல்ஸ் போட்டால் கோடுகள் அதிகம், காலுக்குப் பிடிப்பும் அதிகம்.

கடப்பா கல்: விலை மலிவு, உழைக்கும். மெருகு போடாத சொரசொரப்பான பக்கம் மேலே வரட்டும். ஆனால் இது சுண்ணாம்புக் கல் இனம். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அரித்து வெளுத்துவிடும்.

கருங்கல், கிரானைட்: கனம் தாங்குவதில் இதுதான் ராஜா. பழைய கிணற்றடியில் கொத்து வேலை செய்த கருங்கல் பலகை பார்த்திருப்பீர்களே, ஈரத்திலும் கால் வழுக்காது. இப்போது கிரானைட்டை நெருப்பில் வாட்டிச் சொரசொரப்பாக்கித் தருகிறார்கள். கல்லின் கனத்தையும் மாடிக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

ரெட் ஆக்ஸைடு, மொசைக், ஆத்தங்குடிக் கற்கள்: மூன்றுமே ஹாலுக்கும் தாழ்வாரத்துக்கும் கொள்ளை அழகு. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடி மேல் வைத்துச் சிமெண்டும் மணலும் வண்ணமும் சேர்த்துக் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் மெருகேறிய தரை எதுவானாலும் சீயக்காயும் எண்ணெயும் சேர்ந்தால் பனிக்கட்டிதான். குளியலறைக்கு வேண்டாம்.

ஒட்டும் விதத்தையும் கவனியுங்கள். சிலர் டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை உருண்டை வைத்து அமுக்கிவிடுவார்கள். மற்ற இடமெல்லாம் பொள்ளல். அந்தப் பொள்ளலின் மேல் டப்பின் கால் நின்றால் டைல்ஸ் படாரென்று விரியும். 360 கிலோ நாலு காலில் இறங்கினால் ஒரு காலுக்கு 90 கிலோ. அதுவும் இரண்டு விரல் அகலமுள்ள காலில்! பின்பக்கம் முழுவதும் கலவை பரப்பி ஒட்டச் சொல்லுங்கள். காய்ந்தபின் ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். 'டொப்' என்று கேட்டால் உள்ளே பொள்ளல், பெயர்த்து மறுபடி ஒட்டட்டும். கால்களுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கருங்கல் வில்லையோ கெட்டி ரப்பர் வில்லையோ கொடுத்தால் கனம் பரவும், கீறலும் விழாது.

குழந்தைகளும் பெரியவர்களும்

இளம் தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். தவழுகிற, தத்தித் தத்தி நடக்கிற குழந்தை மூழ்குவதற்கு ஆழமான தண்ணீர் தேவையில்லை. டப்பிலோ வாளியிலோ சில இஞ்ச் தண்ணீர் போதும். தலைகுப்புற விழுந்தால் அதற்கு எழத் தெரியாது, கத்தவும் முடியாது. குளித்து முடித்தவுடன் டப்பைக் காலி செய்துவிட வேண்டும். சிமெண்ட் தொட்டிக்குக் கனமான மூடி போட வேண்டும். குளியலறைக் கதவுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வெளித்தாழ்ப்பாள் வேண்டும். போன் மணி அடித்தால்கூட, குழந்தையைத் தூக்கிக்கொண்டே போய் எடுங்கள்.

தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும். தொட்டியின் உட்சுவரில் ஒட்டிய முட்டை, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே வாரம் ஒரு முறை காலி செய்தால் மட்டும் போதாது, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும்.

வயதானவர்களுக்கு இரண்டடி உயர விளிம்பைத் தாண்டி இறங்குவது சிரமம். உலகம் முழுவதும் விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்தபடி கீழே விழுவதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டப் பக்கத்தில் சுவரில் கெட்டியான கைப்பிடி ஒன்று வையுங்கள். டவல் மாட்டும் கம்பி ஆள் கனம் தாங்காது. வாழ்நாள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக் குளித்தவர்களுக்கு அதுவே சுகம், அதுவே பத்திரம். அதற்கும் இடம் விடுங்கள்.

என் நாத்தனார் வீட்டில் கடைசியில் டப்பைக் கீழே, பின்கட்டை ஒட்டிய அறையில் வைத்தார்கள். "சரி அத்தை, கீழேயே இருக்கட்டும். எனக்கு டப்புதான் முக்கியம், மாடி இல்லை" என்று பையனும் ஒத்துக்கொண்டான். மாடியில் ஷவரும் வாளியும் மட்டும். கொத்தனாருக்கும் நிம்மதி.

ஏற்கெனவே மாடியில் தொட்டி இருந்தால்?

உடனே இடிக்க வேண்டாம். கீழே விட்டத்தில் கறை, வெடிப்பு, உப்பல் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். தொட்டி ஓரத்துத் தரைக் கோடுகள் விரிந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஏதாவது தெரிந்தால் முதலில் தண்ணீரைக் காலி செய்யுங்கள். அதிலேயே பாதிக்கு மேல் கனம் இறங்கிவிடும். பிறகு இஞ்ஜினீயரை அழைத்துக் காட்டுங்கள். இப்போது குழாயைத் திறந்தால் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் வருகிற வீடுகளில் குளியலறைக்குள் இன்னொரு தொட்டி எதற்கு? தண்ணீர் வராத நாளுக்கென்று 50 லிட்டர் டிரம் ஒன்று போதாதா?

புதிதாகக் கட்டுகிறவர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் இந்த நாலை மட்டும் எழுதி இஞ்ஜினீயரிடம் கொடுத்துவிடுங்கள். டப்பின் வெறும் எடை எவ்வளவு, எத்தனை லிட்டர் பிடிக்கும், அறையில் எந்த இடத்தில் நிற்கப் போகிறது, அதன் கால்கள் எத்தனை, எவ்வளவு அகலம். கடைக்காரரிடம் கேட்டால் இவ்வளவும் சொல்லிவிடுவார். அந்தக் காகிதம் கொடுத்தபின் டைல்ஸில் மயில் வேண்டுமா, தாமரை வேண்டுமா என்று நிதானமாக யோசியுங்கள். அதற்கு நிறைய நேரம் இருக்கிறது.